நேர்காணலும் நம் ஆயத்தமும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது)

கல்லூரியிற் பயிலும் நம்மனோர்க்குத் தேர்வென்பது புதியதன்று. எழுத்துத் தேர்வின் இயல்பை இளமை முதற்கொண்டே நாம் நன்கறிவோம். வினாத்தாள் வரும்; விடை எழுதுவோம்; அதனைத் திருத்துவோர் முகத்தை நாம் காண்பதில்லை; அவரும் நம் முகத்தைக் காண்பதில்லை. ஆனால், கல்வி முடிந்து தொழில் நாடிச் செல்லுங்கால், வேறொரு தேர்வு நம்மை எதிர்நோக்கி நிற்கின்றது. ஒரு மேசை, அதன் அப்புறம் மூவரோ ஐவரோ வீற்றிருப்பர், இப்புறம் நாம் ஒருவரே. இதனை நேர்காணல் என்று இக்காலத்தார் வழங்குவர். 'இன்டர்வியூ' என்றால் அறியாதார் இலர்.

இத்தேர்வுக்குப் பாடநூல் இல்லை. முன்னாண்டு வினாத்தாளும் இல்லை. வகுப்பில் முதல்வராய் நின்றார் சிலர் ஆங்கே நாவெழாது நிற்றலும், நடுத்தர மதிப்பெண் பெற்றார் சிலர் வென்று மீளுதலும் நாம் கண்கூடாகக் காண்பன. இதனைச் சிலர் ஊழ் என்பர். சிலர் சிபாரிசு என்பர். சிபாரிசு எங்கும் இல்லையென்று யான் கூற வரவில்லை. ஆயினும், தோல்விகள் அனைத்திற்கும் அதனையே காரணமாகக் காட்டுதல் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். யான் ஒருமுறை தோற்றேன். அதற்குக் காரணம் சிபாரிசன்று; ஆயத்தமின்மையுமன்று; ஆயத்தம் பிழைபட்டமையே. அவ்வனுபவத்தை முதற்கண் கூறி, அதனால் யான் கற்றவற்றைப் பின்னர்க் கூறுவல். உடன் பயில்வோர்க்கு அது சிறிது பயன்படுமேல், என் தோல்வியும் வீண்போகாது.

1. எலுமிச்சம்பழ அளவு புலி

என் தந்தையார் ஈயவெழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவராய் இருந்தவர். அச்சகங்களிற் கணினி புகுந்தபின் அத்தொழில் மறைந்தது. இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவல் புரிகின்றார். சென்ற கோடையில் என் தங்கை மேல்வகுப்பிற் சேரவேண்டியிருந்தது. விடுமுறை இரண்டு மாதமும் யான் ஏதேனும் ஈட்டுவேனாயின், அவள் கட்டணத்திற்கு ஆகும். அந்நாளிற் புத்தக வெளியீட்டகம் ஒன்று, மெய்ப்புப் பார்க்க மாணவர் வேண்டுமென்று அறிவித்திருந்தது. தமிழ் பயில்வானுக்கு இதனினும் ஏற்ற பணி வேறு யாது? உடனே மனுச் செய்தேன். நேர்காணலுக்கு வருமாறு அழைப்பும் வந்தது.

யான் சிறுவயதில் ஞாயிற்றுப் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசில் பல பெற்றவன். மனப்பாடம் எனக்குக் கைவந்த கலை. ஆதலின், நேர்காணல் வழிகாட்டி ஒன்றை வாங்கி, அதிற் கண்ட விடைகளை மூன்று நாளில் ஒன்றுவிடாது நெட்டுருச் செய்தேன். கண்ணாடிமுன் நின்று ஒப்பித்தும் பார்த்தேன். ஓரிடத்தும் தட்டவில்லை. வெற்றி உறுதி என்றே எண்ணினேன்.

அறையினுட் புகுந்ததும், முதியவரான மேலாளர் என்னை அமரச் செய்து, "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றார். யான் தொடங்கினேன்: கடின உழைப்பாளி, பிறரோடு ஒத்துழைப்பவன், இடர்களை விரும்பி ஏற்பவன், தமிழின் தொன்மையிற் பற்றுடையவன். அவர் பொறுமையோடு கேட்டார். முடித்தபின், "நன்று. கடினமாய் உழைத்ததாகச் சொன்னீரே, எதில் உழைத்தீர்? ஒன்றே ஒன்று சொல்லும்" என்றார். வழிகாட்டியில் அதற்கு விடையில்லை. என் நெஞ்சிலும் அக்கணத்தில் ஒன்றுமில்லை. மின்விசிறியின் ஒலி மட்டும் கேட்டது.

பின்னர் அவர் சமையற் புத்தகம் ஒன்றின் மெய்ப்புத் தாளைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். வல்லெழுத்து மிகவேண்டிய இடங்கள் நான்கில் ஒற்று விடுபட்டிருந்தது. அந்நான்கையும் பெருமிதத்தோடு சுழித்துக் கொடுத்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துப் புன்முறுவல் செய்து, "தம்பி, ஒற்றெல்லாம் சரி. இந்த எலுமிச்சம்பழ அளவு புலியை எந்தக் காட்டிற் பிடிப்பது?" என்றார். 'புளி' என்றிருக்கவேண்டிய இடத்தில் 'புலி' என்றிருந்தது! இலக்கணத்தைக் காட்டவேண்டும் என்ற முனைப்பில், அப்பக்கத்தைப் படித்துச் சமைக்கப்போகும் ஒருவர் உளர் என்பதையே மறந்துவிட்டேன். அன்று மாலை வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

தந்தையார் காவலுக்குப் புறப்படுமுன் நடந்தவற்றைக் கேட்டறிந்தார், கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, நாங்கள் கோத்த எழுத்து இடவலம் மாறியிருக்கும். எங்கள் கண்ணுக்கு நேராய்த் தெரியும்படி கோத்தால், தாளில் மாறி விழும். படிக்கிறவர் பக்கமிருந்து பார்த்துக் கோக்க வேண்டும். நீ உன் பக்கமிருந்தே கோத்துக்கொண்டு போயிருக்கிறாய்" என்றார். பின், "ஆலயத்து ஆண்டு மலரை நீதானே திருத்தினாய்? அதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அவ்வினா என்னை உறங்கவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் எங்கள் ஆலயத்தின் ஆண்டு மலரை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை மெய்ப்புப் பார்த்தவன் யானே. மேலாளர் கேட்ட 'ஒன்றே ஒன்று' அதுவன்றோ? உடையதை வீட்டில் வைத்துவிட்டு, இல்லாததைக் கடன்வாங்கிச் சென்றிருக்கிறேன்.

2. முன்னோர் கண்ட தெரிவு

அன்றுமுதல், ஒருவரை ஒரு பணிக்குத் தெரிந்தெடுத்தல் என்பது யாது என்று ஆராயத் தலைப்பட்டேன். இதனை நம் முன்னோர் எளிதாகக் கருதினாரல்லர். திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து, 51, 52 ஆக வைத்தனர். அவை தெரிந்தெடுப்போனுக்கு உரியன. பேசுவோனுக்கு உரியனவாகச் 'சொல்வன்மை' என்னும் 65-ஆம் அதிகாரமும், 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என்னும் 72, 73-ஆம் அதிகாரங்களும் உள்ளன. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அவையறிதல் முன்னும், அவையஞ்சாமை பின்னுமாக நிற்கின்றன. நாமோ அச்சத்தைப் போக்கும் வழியையே முதலில் தேடுகின்றோம். அவையை அறியாதவன் அஞ்சாதிருத்தல் எங்ஙனம் கூடும்? எதிரிலிருப்போர் யாவர், அவர்க்கு வேண்டுவது யாது என்று அறிந்தபின் அச்சத்திற் பாதி தானே அகலும்.

இனி, கல்வெட்டுச் சான்று ஒன்றையும் காண்போம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுக்கள் இரண்டு உள. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் முறையை அவை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது; பெயர் பொறித்த ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். ஆனால், எவர் பெயரையும் குடத்திலிட இயலாது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயது, கல்வி ஆகியன வேண்டும். அஃது அந்தணர் ஊர்ச்சபை. எல்லார்க்கும் திறந்த வாயில் அன்று. அக்குறையை மறைத்துப் புகழ்தல் முறையாகாது.

ஆயினும், அதன்கண் உள்ள ஒரு விதி என் கருத்தைக் கவர்ந்தது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. செல்வமும் கல்வியும் உடையவனாயினும், தான் செய்ததற்குக் கணக்குக் காட்டாதவன் தகுதியற்றவன் என்பது அவர் துணிபு. திருமறையிற் கூறப்படும் தாலந்து உவமையிலும் எசமானன் வந்து கேட்பது கணக்கே.

இதுவே இக்கட்டுரையிற் யான் கூற விழைவது: நேர்காணல் என்பது தன்னைப் புகழ்ந்துரைக்கும் மேடையன்று, தான் செய்தவற்றிற்குக் கணக்குக் காட்டும் இடம். புகழுரையைப் பிறரிடமிருந்து இரவல் வாங்கலாம். கணக்கையோ, செய்தவனே காட்டுதல் வேண்டும்.

3. இக்காலத்து அவைகள்

பண்டைச் சபையை விட்டு இன்றைய அவைகளுக்கு வருவோம். இந்திய நாட்டில் அரசுப் பணிக்கு ஆள் தெரியும் பொதுப்பணி ஆணையம் 1926-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தோன்றிற்று. சென்னை மாகாணத்திற்கெனத் தனி ஆணையம் 1929-இல் அமைந்தது. இன்று மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில், இறுதித் தரவரிசைக்குரிய மொத்த மதிப்பெண் 2025. அவற்றுள் எழுத்துத் தேர்வுக்கு 1750; நேர்காணலுக்கு 275. அவர்கள் இதனை நேர்காணல் என்று மட்டும் கூறாது, ஆளுமைத் தேர்வு என்றே பெயரிட்டுள்ளனர். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியோர் இதனையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம் என்பது நம் வகுப்பினர் அறியவேண்டியதொன்று.

நேர்காணலின் குறைகளை அரசும் அறியாததன்று. மத்திய அரசின் 'சி', 'டி' பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழிற் பதிவுபெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 2016-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நேர்காணல் நீக்கப்பட்டது. எளிய பணிகளுக்கு நேர்காணல் வேண்டாமென்றும், அது முறைகேட்டிற்கு இடந்தருமென்றும் கருதியே இவ்வாறு செய்தனர்.

அவ்வாறாயின், நேர்காணலால் ஒருவர் திறனை அறியத்தான் இயலுமோ எனின், உளநூலார் இதனையும் அளந்து பார்த்துள்ளனர். அமெரிக்க அறிஞர் பிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்போர் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பால் சாக்கெட் என்பாரும் அவர்தம் துணைவரும் அவ்வளவைகளை மீண்டும் ஆராய்ந்து 2022-இல் திருத்திய முடிவுகளை வெளியிட்டனர். நேர்காணலிற் பெற்ற மதிப்பும் பின்னர்ப் பணியிற் காட்டிய திறமும் முற்றும் ஒத்திருப்பின் 1 என்றும், சிறிதும் தொடர்பின்றேல் 0 என்றும் கொள்க. மனம் போனவாறு உரையாடி முடிவுசெய்யும் நேர்காணலுக்கு 2022-இல் அவர் கண்ட அளவு 0.19. எல்லார்க்கும் ஒரே வகையான வினாக்களை முன்னரே வகுத்து, விடைகளுக்கு முறையாக மதிப்பெண் இடும் நேர்காணலுக்கு 0.42. அவர் ஒப்பிட்ட முறைகளுள் இதுவே தலைநின்றது.

இவ்வெண்களால் நமக்கு ஆவதென்ன? முதலாவது, நேர்காணல் பிழையற்ற துலாக்கோல் அன்று. அதிற் தோற்றவன் தகுதியற்றவன் என்று கொள்ளற்க. இரண்டாவது, சீரிய நிறுவனங்கள் வகுக்கும் வினாக்கள் பணியிலிருந்தே எழுகின்றன. 'நீவிர் எத்தகையவர்?' என்று வினவாது, 'இத்தகைய நிலையில் முன்னர் என் செய்தீர்?' என்றும், 'இத்தகைய நிலை வந்தால் என் செய்வீர்?' என்றும் வினவுகின்றனர். இவ்விருவகை வினாக்களுக்கும் நெட்டுரு பயன்படாது.

4. ஆயத்தமாகும் முறை

இனி, ஆயத்தமாகும் முறையை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம். இவற்றுட் பல என் ஆசிரியரும், முன்னர்ப் பயின்று இன்று பணியிலிருக்கும் அண்ணன்மாரும் அறிவுறுத்தியவை. சில யானே பட்டறிந்தவை.

முதலாவது, விளம்பரத்தைப் பாடம்போலப் படித்தல். நம்முட் பலர் சம்பளத்தையும் கடைசி நாளையும் மட்டும் படிக்கின்றோம். ஒரு தாளை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்புறம் அப்பணிக்கு வேண்டுவனவாக அவர் கூறியவற்றை ஒவ்வொன்றாக எழுதுக. வலப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அத்திறம் உமக்குண்டு என்பதற்குச் சான்றாக நீர் செய்த செயல் ஒன்றை எழுதுக. வெற்றிடமாக நிற்பவை உம் குறைகள். நேர்காணலுக்குள் அவற்றை நிரப்ப இயலுமேல் நிரப்புக. இயலாதேல், வினவினால் உண்மை கூறத் துணிக.

இரண்டாவது, நிறுவனத்தை அறிதல். அவர் வெளியிடுவன, செய்வன, யாருக்காகச் செய்கின்றனர் என்பவற்றைத் தேடி அறிக. யான் தோற்ற அந்நாளில், அவ்வெளியீட்டகத்தின் புத்தகம் ஒன்றையேனும் புரட்டிப் பாராது சென்றேன். புரட்டியிருப்பின், இலக்கண நூலினும் சமையல், தோட்டம், உடல்நலம் பற்றிய நூல்களே அவர்க்கு மிகுதி என்பதை அறிந்திருப்பேன்.

மூன்றாவது, செயல்களைத் தொகுத்தல். இதுவே ஆயத்தத்தின் உயிர். உம் வாழ்விலிருந்து ஆறு அல்லது ஏழு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்க. பெருஞ்செயல்களாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. விடுதியின் உணவுக் கணக்கை ஒரு திங்கள் பார்த்தது, தமிழ் மன்ற விழாவில் பேச்சாளர் வாராதபோது சமாளித்தது, எழுத்தறியா அண்டை வீட்டாருக்கு மனு எழுதிக்கொடுத்தது ஆகியன போதும். ஒவ்வொன்றையும் நான்கு கூறாக்குக: சூழல் யாது, உம் கடமை யாது, நீர் செய்தது யாது, விளைவு யாது. இவற்றுள் மூன்றாவதே நெடியதாக இருத்தல் வேண்டும். 'நாங்கள் செய்தோம்' என்று பன்மையில் மறைந்துகொள்ளற்க. பிறர் செய்ததை உமதாக்கவும் வேண்டா. இரண்டு நிமிடத்திற்குள் சொல்லி முடிக்குமாறு ஒவ்வொன்றையும் அமைத்துக்கொள்க. சொற்களை நெட்டுருச் செய்யாது, நிகழ்ச்சியை நினைவிற் கொள்க. நிகழ்ச்சி நினைவிலிருப்பின் சொல் தானே வரும். சொல்லை மட்டும் நினைவிற் கொண்டால், ஒரு சொல் தவறியவழி எல்லாம் தவறும்.

நான்காவது, தோல்வி ஒன்றையும் உடன்கொண்டு செல்லுதல். 'உம் குறை யாது?' என்னும் வினாவுக்கு, 'அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை' என்று விடையிறுக்கக் கற்பிக்கும் வழிகாட்டிகள் உள. அவ்விடையைக் கேட்டுக் கேட்டு நேர்காண்போர் சலித்திருப்பர். மெய்யான பிழை ஒன்றையும், அதற்குப்பின் நீர் மாற்றிக்கொண்ட பழக்கத்தையும் கூறுக. கணக்கில் வரவு மட்டும் இருந்தால் யார் நம்புவர்?

ஐந்தாவது, வாய்விட்டுப் பழகுதல். மனத்துள் அழகாக ஓடும் விடை வாயில் வந்து இடறும். நண்பர் மூவரை அழைத்து, இருவர் வினவ, ஒருவர் குறிப்பெடுக்கச் செய்க. பின்னர் இடம் மாறி நீரும் வினவுவோராய் அமர்க. மேசைக்கு அப்புறம் ஒருமுறை அமர்ந்தவனுக்கு, எவ்விடை சலிப்பூட்டும், எவ்விடை நிமிர்ந்து கேட்கச் செய்யும் என்பது தெளிவாக விளங்கும்.

ஆறாவது, அறியாததை அறியேன் என்னல். விடை தெரியாதபோது சுற்றி வளைத்தல் காலத்தையும் மதிப்பையும் ஒருங்கே இழப்பதாகும். 'இதனை யான் அறியேன். ஆயின், இன்ன வழியில் அறிந்துகொள்ள முயல்வேன்' என்பதும் ஒரு விடையே. பெறாத சான்றிதழைப் பெற்றதாகவும், செய்யாத பணியைச் செய்ததாகவும் கூறுதல் ஒருநாளும் வேண்டா. அது வெளிப்படுநாளில் அப்பணியோடு நற்பெயரும் போம்.

ஏழாவது, மொழி பற்றிய அச்சம். தமிழ் பயில்வோர் பலர் ஆங்கிலத்தில் வினவுவரே என்று அஞ்சுகின்றனர். ஆங்கிலம் வேண்டும் பணியாயின், அதனைக் கற்பதே வழி. அதற்கு நாணுதல் வேண்டா. ஆனால், தெரியாத மொழியின் அலங்காரச் சொற்களை நாடாது, தெரிந்த எளிய சொற்களாற் சிறு சிறு வாக்கியமாகப் பேசுக. வினா விளங்கவில்லையாயின், பணிவோடு மீண்டும் கூறுமாறு கேட்டல் குற்றமன்று. விளங்காமலே விடையிறுத்தலே குற்றம்.

எட்டாவது, புறக்காரியங்கள். சான்றிதழ்களின் மூலத்தையும் படிகளையும் முதல்நாள் இரவே ஒழுங்காக அடுக்கி வைக்க. தூய்மையான, பழகிய உடை போதும். இரவல் வாங்கிய சட்டை உடலை உறுத்திக்கொண்டே இருக்கும். செல்லும் வழியையும் பேருந்தையும் முன்னரே அறிந்து, குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னர்ச் சேர்க. இப்போது காணொளி வழியாகவும் நேர்காண்கின்றனர். அதற்கு, ஒளி முகத்தின்மேல் விழுமாறு அமர்தலும், இணைய இணைப்பையும் ஒலியையும் முன்னரே சோதித்தலும், வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லி வைத்தலும் வேண்டும். மற்றொன்று: நேர்காணலுக்கென்றோ பணி ஆணைக்கென்றோ முன்பணம் கேட்பாரை நம்பற்க. வேலை தேடுவோர் கண்ணீரிற் பிழைக்கும் வஞ்சகர் பலர் உளர்.

ஒன்பதாவது, நாமும் வினவுதல். முடிவில், 'நீர் ஏதேனும் கேட்க விரும்புகின்றீரா?' என்பர். பலர் 'ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடுகின்றனர். பணியின் முதற்றிங்களில் எதை எதிர்பார்க்கின்றீர்கள், யாரிடம் கற்றுக்கொள்வேன் என்றாற்போலும் வினாக்கள், அப்பணியை நீர் மெய்யாகவே எண்ணிப் பார்த்தீர் என்பதைக் காட்டும். ஊதியத்தைக் கேட்டலும் இழுக்கன்று; அதனையே முதல் வினாவாக்காதிருத்தல் நன்று.

இறுதியாக, வெளிவந்தவுடன் கேட்கப்பட்ட வினாக்களையும் நீர் கூறிய விடைகளையும் ஒரு தாளில் எழுதிவைக்க. வென்றாலும் தோற்றாலும் அத்தாள் உம்முடையதே.

5. மீண்டும் ஓர் அவை

நிற்க. என் கதையின் எஞ்சிய பகுதியையும் கூறி முடிப்பேன். முதற்றோல்விக்கு மூன்று வாரத்திற்குப்பின் வேறோர் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. இம்முறை வழிகாட்டியைத் தொடவில்லை. அவ்வச்சகத்தில் அச்சான புத்தகங்கள் இரண்டை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தேன். விடுதி நண்பர் மூவர் வேப்பமரத்தடியில் அமர்ந்து என்னை இரக்கமின்றி வினவினர். தந்தையாரும் ஒருநாட் பகலுறக்கத்தை விட்டு, "நான் முதலாளி, சொல்" என்று நாற்காலியில் அமர்ந்தார்.

நேர்காணலில் ஓர் அம்மையார், "நீர் செய்த பணியிற் பிழை நேர்ந்ததுண்டோ?" என்று வினவினார். யான் ஆலயத்து ஆண்டு மலரைப் பற்றிக் கூறினேன். அதிற் கொடையாளர் பட்டியல் ஒன்று உண்டு. ஒற்றையும் சந்தியையும் கண்ணுங்கருத்துமாகத் திருத்திய யான், உயிரோடிருந்த பெரியவர் ஒருவரது பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று அச்சாகியிருந்ததைக் காணாது விட்டுவிட்டேன். மேல்வரியிலிருந்த சொல் கீழ்வரியிலும் தவறிப் புகுந்துவிட்டது. மலர் வெளியான ஞாயிறன்று அப்பெரியவர் கோலூன்றி வந்து, "ஐயா, நான் இன்னும் இருக்கிறேன்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே கூறினார். ஆயினும் அவர்தம் மனைவியார் சிரிக்கவில்லை. யான் அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்பு வேண்டினேன். எஞ்சிய படிகளிலெல்லாம் அச்சொல்லை மறைத்துத் திருத்தச்சீட்டு ஒட்டினேன். அன்றுமுதல் எத்தாளையும் இருமுறை படிக்கின்றேன்: முதன்முறை மொழிக்காக, இரண்டாம் முறை பெயர்களுக்கும் எண்களுக்குமாகவே. சமையற் புத்தகத்துப் புலியைக் கண்டபின், மூன்றாம் முறையும் படிக்கின்றேன், அது பொருளுக்காக. இவ்வளவும் கூறினேன்; புலியின் கதையையும் மறைக்கவில்லை.

அம்மையார் நகைத்தார். பின்னர் ஒரு தாளைக் கொடுத்தார். அது பேருந்து நேர அட்டவணை. யான் மூன்றுமுறை படித்தேன். மொழிப்பிழை ஒன்றுமில்லை, ஆனால், ஓரிடத்தில், புறப்படும் நேரத்திற்கு முன்னரே ஒரு பேருந்து ஊர்போய்ச் சேர்ந்திருந்தது. அதனைச் சுட்டினேன். கோடை முடியும் வரை பணிபுரியுமாறு கூறினர். ஊதியம் பெரிதன்று, எனினும், தங்கையின் கட்டணம் உரிய நாளிற் செலுத்தப்பட்டது. முதல் ஊதியத்தைக் கொடுத்த அன்று தந்தையார் அதனை எண்ணிப் பார்க்கவில்லை. யான் திருத்திய மெய்ப்புத் தாளொன்றை வாங்கி, விளக்கின்கீழ்ப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்காள்! நம்மிற் பலர் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ இத்தகைய மேசைகளின் முன் அமரவிருக்கின்றோம். வேலைகள் சில, வேண்டுவோர் பலர். தகுதியுடையார் அனைவர்க்கும் முதல் நாளிலேயே இடம் கிடைக்குமென்று யான் உறுதி கூறவில்லை. ஆனால், ஆயத்தம் நேர்காணலுக்கு மூன்றுநாள் முன்னர்த் தொடங்குவதன்று. இன்று நாம் ஏற்கும் சிறு பொறுப்பிலேயே தொடங்குகின்றது. மன்றத்திலோ விடுதியிலோ ஆலயத்திலோ தெருவிலோ ஒரு பணியை ஏற்றுச் செம்மையாகச் செய்து முடிப்போம். பிழை நேர்ந்தால் திருத்துவோம். இரண்டையும் குறித்து வைப்போம். கணக்கு உடையவன் கேள்விக்கு அஞ்சான்.